பஸ்ராக் கத்தி

பால்வண்ணநாதனின் அப்பா முதல் உலகச் சண்டைக்குப் பஸ்ரா வரை போய்த் திரும்பியவர். திரும்பும்போது ஒரு துருக்கி அதிகாரியின் குத்துவாளைக் கொண்டுவந்தார். தந்தப் பிடி. கறுப்புத் தோல் உறை. உறையின் வாயிலும் நுனியிலும் வெள்ளிப் பூண். அது எப்படிக் கைக்கு வந்தது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆயுத பூஜையன்று உருவி, எண்ணெய் தடவி, சந்தனம் வைப்பார். மறுநாள் பெட்டிக்குள் போய்விடும்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் அவர் இறந்தார். அடுத்த தையில் குத்துக்கல்வலசை வீட்டைப் பாகம் பிரித்தார்கள். மத்தியஸ்தத்துக்கு வந்த இரண்டு பெரியவர்கள் சாமான்களை இரண்டு வரிசையாக வைத்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் குத்துவாள் மிஞ்சியது. நீ எடுத்துக்கொள் என்று பால்வண்ணநாதன் சொல்லவில்லை. அண்ணனே வைத்துக்கொள்ளட்டும் என்று தம்பி நல்லகண்ணுவும் சொல்லவில்லை. பெரியவர்களில் ஒருவர் கத்தியை உருவி ஒரு வரிசையில் வைத்தார். உறையை மற்ற வரிசையில் வைத்தார்.

"மூத்தவனுக்குக் கத்தி. இளையவனுக்கு உறை. உறையில வெள்ளி கிடக்கு, ஒருத்தனுக்கும் நஷ்டமில்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

வீட்டின் நடுவே சுவர் எழுந்தது. கிணற்றின் மேலும் அது ஏறிப் போனது. பக்கத்துக்கு ஒரு கப்பி. மாட்டுத்தொழு பால்வண்ணநாதன் பக்கம் விழுந்தது. சுவர் காய்வதற்குள் நல்லகண்ணு டீக்கடையில் சொன்னது அவர் காதுக்கு வந்துவிட்டது.

"எங்கண்ணன் மத்தியஸ்தரைக் கைக்குள்ள போட்டுக்கிட்டான்லா. எனக்கு உறையைக் குடுத்துட்டு, மத்ததெல்லாம் உருவிக்கிட்டான்."

அன்றோடு பேச்சு நின்றது.

பால்வண்ணநாதனுக்குக் குற்றாலத்தில் வேலை. மதுரை முதலாளி ஒருவரின் பங்களாவுக்குக் காவல். சீசன் மாதங்களில் அங்கேயே கிடப்பார். வருகிறவர்களுக்கு வெந்நீர் போடுவது, ஈரத் துணிகளை உலர்த்துவது, குரங்குகளை விரட்டுவது. மற்ற மாதங்களில் பூட்டிய அறைகளைத் திறந்து காற்றாட விட்டு, மறுபடி பூட்டிவிட்டு, சைக்கிளில் வீட்டுக்கு வந்துவிடுவார். சத்தமில்லாத வேலை. அவருக்கு அது ஒத்துப்போயிற்று. துணி மடிக்கும்போதும் விளக்குத் துடைக்கும்போதும் மனத்துக்குள் தம்பிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒரு சல்லி கூட ஏமாற்றவில்லை. தொழுவை நானா கேட்டேன்? பதில் வருஷத்துக்கு வருஷம் நீண்டது. கேட்க ஆள் இல்லை.

அவருக்குப் பிள்ளை இல்லை. அவர் மனைவி பிச்சம்மாளுக்கு இழுப்பு. மழைக்காலத்தில் உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள்.

"நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா சுவருக்கு அந்தப் பக்கத்திலேருந்துதான் ஆள் வரணும்," என்பாள். "நீங்க மூத்தவரு. ஒரு வார்த்தை பேசினா வாய் முத்தா உதிர்ந்திரும்?"

"அவன்தானே சொன்னான். அவன் பேசட்டும்."

எட்டு வருஷம் போயிற்று.

அறுபத்தொன்று சீசனுக்கு முதலாளியின் நண்பர் ஒரு டாக்டர் வந்து தங்கினார். மதுரைக்காரர். பழைய ஆயுதங்கள் சேர்க்கிறவர். அருவியைவிட, சுற்று வட்டாரத்தில் எந்தப் பெரிய வீட்டில் வாள் கிடக்கிறது என்பதில்தான் அவருக்கு அக்கறை. ஒரு மத்தியானம் கேட்டார். பால்வண்ணநாதன் தன்னிடம் உள்ளதைச் சொன்னார். மறுநாள் பழைய வேட்டித் துணியில் சுற்றி எடுத்து வந்தார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பிடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"உறை எங்கே?"

"தம்பிகிட்ட இருக்கு."

"தம்பி எங்கே இருக்கார்?"

"பக்கத்து வீடு."

"அப்புறம் என்ன?"

பால்வண்ணநாதன் வேட்டித் துணியை மடிக்கத் தொடங்கினார். டாக்டருக்குப் புரிந்தது.

"உறை இல்லாம நான் எடுக்கிறதில்லை. இந்தக் கத்திக்குன்னு அளவெடுத்துச் செஞ்ச உறை அது. வேற எதுவும் சேராது. இது மட்டும்னா காய் நறுக்கத்தான் ஆகும். ரெண்டும் சேர்ந்து வந்தா நல்ல விலை தரேன்."

பிச்சம்மாளிடம் சொன்னபோது அவள் கத்தியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "போங்க. இதுக்காகவாவது அந்த வாசப்படி ஏறுங்க," என்றாள்.

நல்லகண்ணு புளியங்குடியில் எலுமிச்சம்பழக் கமிஷன் கடையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பான். பால்வண்ணநாதன் சட்டை போட்டுக்கொண்டு போனார். தம்பி மனைவி வடிவாம்பாள்தான் முதலில் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே ஓடினாள். நல்லகண்ணு வந்தான். காதோரம் நரைத்திருந்தது. அது எப்போது நரைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அந்த உறை," என்றார். "அப்பா கத்தி உறை. இருக்கா?"

டாக்டர் பேச்சை உறை இருக்கிறதா என்று தெரிந்த பிறகு எடுக்கலாம் என்று நினைத்திருந்தார்.

நல்லகண்ணு உள்ளே போனான். பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. உறையைத் தோள் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தான்.

"இந்தா. எலி ஒரு ஓரத்தைக் கடிச்சிருக்கு. அதுக்கும் நாம பேசாதது தெரிஞ்சு போச்சு போல."

அவர் வாங்கிக்கொண்டார்.

"ஒத்தையா இது கிடந்து என்ன செய்ய? ரெண்டும் ஒண்ணாவே இருக்கட்டும் அண்ணே. உங்கிட்டயே இருக்கட்டும்." உள்ளே திரும்பிக் கத்தினான். "ஏட்டி, காப்பி எங்க? பொடியைத் திரிச்சுக்கிட்டு இருக்கியா?"

காப்பி வந்தது. பால்வண்ணநாதன் குடித்தார். டாக்டர் பேச்சை எடுக்கவில்லை.

வீட்டில் கத்தியை உறைக்குள் விட்டபோது அது கடைசி வரை வழுக்கிப் போய் நின்றது. பிச்சம்மாள் அழுதாள். பிறகு, "டாக்டர் கேக்காருன்னு சொன்னீங்கள்லா?" என்றாள்.

"சொல்லுதேன்."

"இப்பமே போய்ச் சொல்லுங்க."

"சொல்லுதேன்னேன்லா."

அன்று சாயங்காலம் நல்லகண்ணுவே வந்தான். கத்தியை வாங்கி உருவிப் பார்த்தான், மூடினான், மறுபடி உருவினான். "வார ஆயுத பூசைக்கு ரெண்டு வீட்டுக்கும் பொதுவா இதை வைப்போம்," என்றான். பால்வண்ணநாதன் தலையசைத்தார். பிச்சம்மாள் அடுப்படி வாசலில் நின்று கணவன் முகத்தையே பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

அவருக்குள் வேறு ஒரு எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு வருஷப் பதிலைச் சொல்ல இதைவிட நல்ல வழி கிடைக்காது. விற்றதில் நேர்பாதியை அப்படியே தம்பி கையில் கொடுத்துவிட்டால், அண்ணன் ஏமாற்றுகிறவன் இல்லை என்று அவனே ஊருக்குச் சொல்வான். பூஜைக்குப் பழைய அரிவாள் இருக்கிறது. அந்த வாரக் கடைசியில் டாக்டர் குத்துவாளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் போனார்.

அடுத்த ஞாயிறு பால்வண்ணநாதன் பணத்தோடு தம்பி வீட்டுக்குப் போனார்.

"இது என்ன?"

"டாக்டர் ஒருத்தர் கேட்டாரு. கத்தியும் உறையும் சேத்துக் குடுத்துட்டேன். இதுல உன் பாதி இருக்கு. எண்ணிப் பாரு. ஒரு சல்லி குறையாது."

நல்லகண்ணு பணத்தைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு வந்தது இதுக்குத்தானா?"

"உன் பங்குதாம்லே. நான் ஏமாத்தல. பிடி."

"நான் அதை உனக்குக் குடுத்தேன்லா," என்றான் நல்லகண்ணு. மெதுவாகத்தான் சொன்னான். "குடுத்ததுக்கு ஏது பங்கு?"

வடிவாம்பாளும் வாங்கவில்லை. மறுநாள் பிச்சம்மாள் கொண்டுபோனபோதும் வாங்கவில்லை.

பால்வண்ணநாதன் அந்தப் பணம் முழுவதையும் எடுத்துக்கொண்டு தென்காசியில் ரயில் ஏறினார். டாக்டர் அவரை உட்காரச் சொன்னார்.

"அது பம்பாய்க்குப் போயிடுச்சே. அங்கே ஒருத்தர் ரொம்ப நாளா துருக்கிச் சாமான் தேடிக்கிட்டிருந்தார். பதிலுக்கு எனக்கு ஒரு ராஜபுத்திர வாள் கொடுத்தார். பார்க்கிறீங்களா?"

அவர் பார்த்தார். நல்ல வாள்தான்.

ஆயுத பூஜை வந்தது, போனது. சுவருக்கு அந்தப் பக்கம் மணிச் சத்தம் கேட்டது. அடுத்த மழைக்கு முன் ஓடு மாற்றியதில் இரண்டு பாதியும் செலவாகிவிட்டது.

அறுபத்து மூன்று ஆடியில் ஒருநாள் தென்காசி பஸ் நிலையத்தில் நல்லகண்ணுவைப் பார்த்தார். கடைக்காரர் ஒருவரோடு புளியங்குடி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று நினைத்தார். அவன் சிரித்தான்.

"வாங்க அண்ணாச்சி. குத்தாலத்துலேருந்தா? தண்ணி எப்படி விழுது?"

"நல்லா விழுது."

"சாரல் உண்டா?"

"உண்டு."

"கூட்டம் இருக்கணுமே."

"இருக்கு."

"சரி சரி. பஸ் வந்துட்டு. வாரேன்."

ஏறும்போது கூட இருந்த கடைக்காரர், அது யார் என்று நல்லகண்ணுவிடம் கேட்டது பால்வண்ணநாதன் காதில் விழுந்தது. "எங்க ஊர்க்காரரு," என்றான் நல்லகண்ணு. குரலில் கோபம் இல்லை.

பால்வண்ணநாதன் சைக்கிளை உருட்டிக்கொண்டே வீடு வந்தார்.

"நல்லகண்ணு பேசினான்," என்றார்.

பிச்சம்மாள் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். மூச்சு இரைத்தது. "என்ன சொன்னாரு?"

"தண்ணி எப்படி விழுதுன்னு கேட்டான்."

அவள் இன்னும் ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தட்டை எடுத்து வைத்தாள்.