கொயினா தீர்ந்த கிழமை

மருந்து கலக்கிறவனுக்குப் பேர் கிடைப்பது அருமை. நோய் மாறினால் டொக்டர் கைராசிக்காரர், மாறாவிட்டால் நான் தண்ணீரைக் கலந்துவிட்டேனாம். இந்தத் தொழிலில் கிடந்து உத்தரித்தவர்களுக்கு விளங்கும்.

தென்னிலங்கையில் மலேரியா பரவிய மாரியில் நான் நெடுந்தீவில் இருந்தேன். தெற்கே கடை வைத்திருந்தவர்கள் கடையைப் பூட்டிவிட்டுக் காய்ச்சலோடு ஊர் திரும்பினார்கள். பிறகு அது நுளம்பு வழியே வீடு வீடாகப் போனது. எங்கள் சிறிய ஆஸ்பத்திரியில் எட்டுக் கட்டில். விறாந்தை முழுவதும் பாய். வேலைக்கு டொக்டரும் நானும் ஒரு தாதியும்தான்.

கசப்புக் காணாது

வாடைக்காற்றில் கடல் குமுறியதால், ஊர்காவற்றுறையிலிருந்து மருந்து கொண்டுவரும் வள்ளம் வரவில்லை. மலேரியாவுக்குக் கொடுக்கிற கசப்பு மருந்தான கொயினா, போத்தலின் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. அதைப் பிள்ளைகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு உடம்புநோவு மருந்தைக் கொடுக்கும்படி டொக்டர் சொன்னார். காரணம் சொல்லப் பயந்து நான் பேசாமல் வார்த்துக் கொடுத்தேன்.

மாடு வளர்க்கிற கந்தையா அண்ணை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கசப்புக் காணாது, என்ன கலந்தனீர் என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை, உள்ளதைச் சொன்னேன். சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

"முதலே சொல்லியிருக்கலாமே தம்பி. பிள்ளையளுக்குக் குடும், நான் நடுங்கிக்கொண்டு கிடக்கிறன்."

விறாந்தைக் கஞ்சி

பொன்னம்மா அக்காவுக்குக் காய்ச்சல் விட்டு மூன்று நாள். வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் சொல்லியும் அவர் போகவில்லை. ஆஸ்பத்திரிக் குசினிக்குள் புகுந்து கஞ்சி காய்ச்சி, எழும்ப ஏலாதவர்களுக்குப் பருக்கத் தொடங்கிவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"வீட்டை போனாலும் கஞ்சிதான் காய்ச்சவேணும். இஞ்சை காய்ச்சினால் கனபேர் குடிப்பினம்."

மரியான் அண்ணையின் பயணம்

வள்ளம் வராத ஐந்தாம் நாள் காலை, மீனவர் மரியானின் சின்ன மகள் றீற்றாவுக்குக் கொடுத்ததோடு போத்தல் வெறுமையானது. மரியான் அண்ணை போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஊர்காவற்றுறையில் கொயினா எடுக்க ஒரு துண்டுச்சீட்டு எழுதித்தரும்படி டொக்டரிடம் கேட்டார். இந்தக் கடலில் போக ஏலாது என்று டொக்டர் மறித்தார். மரியானின் மனைவி மறிக்கவில்லை. மகளின் கையைப் பிடித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றும் அடுத்த நாள் மத்தியானம் வரையும் நாங்கள் கடற்பக்கம் பார்க்கப் பயந்து உள்வேலையே பார்த்தோம். றீற்றாவுக்கு மீண்டும் குளிர் பிடிக்கத் தொடங்கிய நேரம், மரியான் அண்ணை ஈரம் சொட்டச் சொட்ட வாசலில் நின்றார். வள்ளத்தின் பாய் கிழிந்து, பாதித் தூரம் துடுப்பு வலித்தே வந்தாராம். கொயினாத் தகரத்தைத் தலையில் துண்டால் கட்டியிருந்தார். உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. உடனே கலந்து கொடுத்தேன். பிள்ளை குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தது. தகப்பன் முதன்முறையாகச் சிரித்தார்.

"அவள் சுளிக்கிற சுளிப்பிலை தெரியுது, நல்ல மருந்துதான் கொண்டந்திருக்கிறன்."

டொக்டரின் முறை

கடைசியில் டொக்டரே காய்ச்சலில் படுத்தார். கந்தையா அண்ணைக்குப் பக்கத்துப் பாய்தான் கிடைத்தது. மூச்சைப் பிடித்துக் குடிக்கச் சொல்லி ஊரையே அதட்டிய மனிதர், கொயினாவில் ஒரு மிடறு விழுங்கிவிட்டுக் கண் கலங்க என்னைப் பார்த்தார்.

"இதைக் குடுத்ததுக்கு உம்மை ஒருத்தரும் அடிக்கேல்லையோ?"

காய்ச்சல் போய்ப் பல மாதத்துக்குப் பிறகும் ஊர்ப் பிள்ளைகள் என்னை வீதியில் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். ஓடுகிற அளவுக்குக் காலில் பெலன் இருந்ததே எனக்குப் போதும்.