யாருடைய இரத்தம் அது?

"மாமா, நீங்க மெலிஞ்சிட்டீங்களோ?"

இந்தக் கேள்வி யாருக்குத்தான் பிடிக்காது? போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். பக்கத்து வீட்டு யோகராசாவின் அறுபதாவது பிறந்தநாள் விருந்து. கையில் நண்டுக்காலோடு இருந்த எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது. வயிற்றைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு, "ஓம் புள்ள, இப்ப விடிய நடக்கிறன்தானே" என்றேன்.

கேட்டவள் சிரிக்கவில்லை.

அவள் யோகராசாவின் மகள் தர்சினி. என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம் போனாள். "மாமி, முதுகு கிதுகு நோகுதா?" பிறகு தன் அம்மாவிடம் ஏதோ கேட்டாள். பிறகு சுவரோரமாக நின்று, யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அதிக நேரம் பார்த்தது தன் அப்பாவின் சோற்றுக் கோப்பையைத்தான். யோகராசா தயிரை எடுக்காமல் கை கழுவ எழும்பினான். அவள் முகம் வெளுத்துப் போனது.

தர்சினிக்குக் கணையப் புற்றுநோய் பற்றி ஆராயும் சின்ன ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. (எந்த ஆய்வுகூடம் என்று ஈமெயில் போடாதீர்கள். சொல்ல மாட்டேன்.) சில மாதங்களுக்கு முன், எங்கள் ஆரையம்பதி ஒழுங்கையில் வீடு வீடாக வந்து இரத்தம் கேட்டிருந்தாள்.

"நோயாளிகள்ட இரத்தம் மட்டும் இருந்தாக் காணாது மாமா. சுகமான ஆக்கள்டயும் வேணும். ரெண்டையும் ஒப்பிட்டாத்தான் வித்தியாசம் தெரியும்."

சுகமான ஆக்கள்! ஐம்பதைத் தாண்டியவர்களை இப்படிச் சொன்னால் யார் மறுப்பார்கள்? யோகராசா, அவன் மனைவி, நான், என் மனைவி, இன்னும் சில அயலவர்கள்... ஒரு வான் வண்டியைப் பிடித்துக்கொண்டு, சுற்றுலா போவது போலத்தான் போனோம்.

ஆய்வுகூடம் என்றதும் நான் என்னவோ கற்பனை செய்திருந்தேன். போய்ப் பார்த்தால் ஏசி இரையும் ஒரு அறை. வெள்ளைக் கோட்டில் இளம் பிள்ளைகள் மூன்று பேர். ஒருவர் குனிந்த தலை நிமிராமல், சொட்டுச் சொட்டாக ஏதோ ஊற்றிக்கொண்டே இருந்தார். நாங்கள் வந்து போகும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் எந்தக் கிண்ணத்தில் விட்டோம் என்பது மறந்துவிடுமாம்.

தர்சினி என்னை நுணுக்குக்காட்டி வழியாகப் பார்க்கவிட்டாள். கண்ணாடியில் ஒட்டிய மீன் செதில்கள் போல, ஒன்றோடு ஒன்று நெருக்கிக்கொண்டு, பளபளவென்று...

"இதுதான் மாமா. புற்றுநோய்க் கலங்கள்."

அழகாக இருந்தன. எனக்கு உடம்பு கூசியது.

"கணையம் இரைப்பைக்குப் பின்னால ஒளிச்சிரிக்கு மாமா. கட்டி வந்தாலும் கன காலத்துக்கு ஒண்டும் காட்டாது. நோவு எண்டு ஆள் வாறநேரம் பெரும்பாலும் பிந்திப் போயிடும். அதுக்கு முந்தி இரத்தத்துல புடிக்கேலுமா எண்டுதான் பாக்கிறம்."

கட்டி இருந்தால் இரத்தத்தில் கூடுகிற ஒரு புரதத்தைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். குழாய்களில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும். எது யாருடையது என்பது ஆய்வை நடத்தும் டொக்டருக்கு மட்டுமே தெரியும். இரத்தம் கொடுத்துவிட்டு வரும் வழியில் ஐஸ்கிரீம் குடித்தோம். அத்தோடு மறந்தும் போனோம்.

விருந்துக்கு வருவோம். தர்சினி கிணற்றடியில் தனியே நிற்பதைக் கண்டு கிட்டப் போனேன்.

"என்ன புள்ள, ஒரு மாதிரி இரிக்காய்?"

அவ்வளவுதான் கேட்டேன். உடைந்துவிட்டாள்.

"சுகமான ஆக்கள்ட குழாய் ஒண்டுல அந்தப் புரதம் கூடிக் காட்டுது மாமா. நான் பிழை விட்டிட்டன் எண்டு மறுகாவும் செஞ்சு பாத்தன். அதேதான்."

"ஆர்ட?"

"எனக்குத் தெரியாது. ஆனா இந்த ஒழுங்கையில எடுத்த குழாய்கள்ல ஒண்டு. டொக்டர் கொழும்புல நிக்கிறார். திங்கக்கிழமை வந்து, அவரே அந்த ஆளோட கதைப்பாராம். என்னை ஒருத்தரிட்டயும் வாய் துறக்க வேணாம் எண்டவர்... இப்ப உங்களிட்டச் சொல்லிட்டன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நோய்தான் எண்டு இல்ல மாமா. வேற காரணமும் இரிக்கலாம்."

நான் தலையாட்டினேன். வேற காரணமும் இருக்கலாம். அறிவு ஏற்றுக்கொண்டது. ஆனால் அவள் மெலிவையும் முதுகு நோவையும் ஏன் விசாரித்தாள் என்று அப்போதுதான் விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். காலையிலேயே பார்மசிக்குப் போய் எடை பார்த்தேன். குறைந்திருந்தது! முதல் நாள் பெருமைப்பட்ட அதே விஷயத்தை நம்பாமல், இறங்கி மறுபடியும் ஏறிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தால், முற்றம் கூட்டிக்கொண்டிருந்த மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "என்ன, முதுகு நோகுதா?" என்று கத்திவிட்டேன். "வருசக் கணக்கா நோகுது. இண்டைக்குத்தான் கேக்கத் தோணிச்சா?" என்றாள். அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அவள் குனியும்போதும் நிமிரும்போதும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பின்னேரம் யோகராசா வந்து கூப்பிட்டான். வழக்கம்போல வாவிக்கரையில் போய் உட்கார்ந்தோம். அவன் நெஞ்சுக்குழியைத் தடவி ஏப்பம் விட்டான்.

"என்னெண்டு தெரியா மச்சான், நேத்தையில இருந்து வயிறு ஒரு மாதிரிக் கிடக்கு. சாப்பாட்டில மனமில்ல."

அப்போது எனக்குள் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். 'அப்படியென்றால் இவன்தான்' என்று நினைத்தேன். நினைத்த அதே கணத்தில் மூச்சு இலேசானது. ஆம், இலேசானது! முப்பது வருட நண்பன். எங்கள் வீட்டுக் கூரையைப் புயல் பிடுங்கியபோது குடும்பத்தோடு எங்களைத் தன் வீட்டில் படுக்கவைத்தவன். அவன் வயிற்றைத் தடவுவதைப் பார்த்து நான் ஆறுதல் அடைந்தேன்; அப்படியே இருக்கட்டும் சாமி என்று மனதுக்குள் கும்பிட்டும் விட்டேன்.

"என்ன மச்சான், பேச்சக் காணல்ல?" என்றான்.

"ஒண்டுமில்ல. காத்து நல்லா இரிக்கு" என்றேன்.

திங்கட்கிழமை பத்து மணியைப் போல என் தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். மென்மையான குரல். "ஒண்டும் பயப்பிட வேணாம். இண்டைக்கு ஒருக்கா வரேலுமா?"

பயப்பட வேண்டாம் என்று டொக்டர் சொன்னால் பயப்படாமல் இருக்க முடியுமா?

குசினியில் மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "ஆரு போன்ல?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியை வைத்தாள். கையைக் கழுவினாள். சேலையை மாற்றிக்கொண்டு வந்து, "நடங்க" என்றாள். பஸ் ஏறினோம். இறங்கும்வரை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், சின்னப் பிள்ளையைச் சந்தைக்குக் கூட்டிப்போவது போல.

அந்த வாரம் முழுக்க ஸ்கேன், காத்திருப்பு, மறுபடியும் ஸ்கேன். குளிரான அந்த வளையத்துக்குள் படுத்திருக்கும்போது, கண்ணாடியில் ஒட்டியிருந்த அந்தப் பளபளப்பான செதில்கள்தான் கண்ணுக்குள் நின்றன. எனக்குள்ளும் அப்படி நெருக்கிக்கொண்டு இருக்கின்றனவோ? நான் நண்டு தின்றபோதும் சிரித்தபோதும் சத்தமில்லாமல் வளர்ந்தனவோ?

கடைசியில் டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பித்தப்பையில் கற்கள். ஒன்று நழுவிப் பித்தக் குழாயில் பாதி அடைத்திருந்தது. அதனாலும் அந்தப் புரதம் கூடுமாம். கணையத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"தெரியல்ல எண்டா... இல்லை எண்டுதானே டொக்டர்?" என்று மனைவி கேட்டாள்.

"இப்பத்தைக்குத் தெரியல்ல அம்மா. கல்லை எடுப்பம். மறுகா ஒருக்கா இரத்தம் பாப்பம்" என்றார் அவர்.

இப்பத்தைக்கு. அந்த ஒரு சொல்லோடுதான் வீட்டுக்கு வந்தோம்.

கல்லை எடுத்து நான் வீடு திரும்பிய அன்று தர்சினி வந்தாள். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா... அப்பாவா இருக்கக் கூடாது எண்டு கும்பிட்டுக்கிட்டே இருந்தன். அப்ப, நீங்களா இருந்தாலும் பரவாயில்ல எண்டுதானே அர்த்தம்?"

பாவம், இதைச் சொல்ல எவ்வளவு பயந்திருப்பாள்!

"நானும் கும்பிட்டன் புள்ள" என்றேன். "உன்ட அப்பாவா இருக்கட்டும் எண்டு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபிப்பாள் என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆய்வுகூடத்துக்கு நேரமாகிறது என்று எழும்பினாள். அங்கே இன்னும் சோதிக்காத குழாய்கள் இருக்கின்றனவாம், வேறு ஒழுங்கைகளில் எடுத்தவை.

எனக்கு மறு சோதனை அடுத்த மாதம். யோகராசாவுக்கு வயிறு சரியாகிவிட்டது.

பயம் முற்றினால் மனிதன், நோய்க்கு வேறொரு விலாசத்தைத் தன் கையாலேயே எழுதிச் சாமியிடம் கொடுத்துவிடுகிறான்.