பேட்டரிக்குச் சூடம் காட்டிய நாள்

ஆயுத பூசையன்று அரிவாள், பூச்சிமருந்து அடிக்கும் பம்பு, கார் என எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துச் சூடம் காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வருடம் கார் கிளம்பவில்லை. பேட்டரியைக் கழற்றி, மழைக்குப் பயந்து ஸ்டோர் அறைக்குள் வைத்து, ஜன்னலையும் சாத்தி, காலையிலிருந்து சார்ஜ் போட்டிருந்தேன். மதியம் பார்த்தால் உள்ளே தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. நன்றாக ஏறுகிறது என்று எனக்குச் சந்தோஷம். கார் வராவிட்டால் என்ன, பேட்டரிக்கே பூசை போடுவோம் என்று தட்டை அங்கேயே கொண்டுபோனேன்.

செரண்டா ஊரில் தொழிற்சாலை வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி பூசைக்கு வந்திருந்தான்.

"மாமா, மொதல்ல சுவிட்ச அடைங்க. அப்புறம் கிளிப்ப கழட்டி வெளிய கொண்டு போங்க. இதுல கேஸ் வரும். நெருப்பு பக்கத்துலயே வரக்கூடாது."

"பேக்டரில பெட்டி தூக்குறவன் எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டான் லா! சாமிக்குப் பயப்படுடா. பேட்டரிக்கு என்ன பயம்?"

"அவன் சொல்றதக் கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"நீ பொட்ட வை" என்றேன்.

அவள் குனிந்து சந்தனம் வைத்தாள். நான் சூடத் தட்டை நீட்டினேன்.

பட்டாசு வெடித்தது போல ஒரே சத்தம். பேட்டரியின் மேல்பக்கம் சிதறி, ஆசிட் அவள் முகத்தில் அடித்தது. அவள் கத்துகிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கீழே விழுந்த தட்டைத்தான் முதலில் எடுத்தேன். பூசைத் தட்டு கவிழ்ந்தால் ஆகாது என்று ஓடியது புத்தி. அப்புறம் ஒரு பிடி திருநீற்றை அள்ளி அவள் கண்ணில் பூசப் போனேன். மச்சான் என் கையைத் தட்டிவிட்டான். அக்காவை இழுத்துப்போய்க் குழாயடியில் முகத்தைப் பிடித்தான். "கண்ணத் தொறக்கா, தொறக்கா" என்று அவனும் அழுதான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்வரை தண்ணீரை நிறுத்தவில்லை.

உடனே கழுவியதால் ஒரு கண் தப்பியது என்றார் டாக்டர். வலது கண் போய்விட்டது.

கட்டுப் பிரித்த வாரம் கோயிலுக்குப் போனோம். சாமி கும்பிட வந்த ஒரு அம்மா அவள் முகத்துக்கு நேரே கேட்டார். "பூசையிலயே இப்படி ஆச்சுன்னா, தீட்டோட நின்னியாம்மா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் அந்தப் பேச்சுப் பரவியது. எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டாள். "கண்ணு போனதுக்கு நான் ஒங்கள ஒண்ணுமே கேக்கல. தப்பு என்னோடதுன்னு அவங்க சொன்னப்ப, ஏன் வாயத் தொறக்கல?"