ஆடி கழியட்டும் என்று நிறுத்தி வைத்த இணையதளம்

என் மனைவி சீர்த்தட்டு செய்கிறவள். எங்கள் பக்கம் கல்யாணமானாலும், பெண் வயதுக்கு வந்ததற்குச் செய்யும் தெரட்டியானாலும் தாய்மாமன் வீட்டார் தட்டு வரிசையோடுதான் மண்டபத்துக்குள் நுழைவார்கள். பழம், பலகாரம், வளையல், சேலை என்று முன்பு எல்லாவற்றையும் அப்படியே அடுக்கி எடுத்துப் போனார்கள். இப்போது ஒவ்வொரு தட்டும் ஒரு காட்சி. முறுக்கில் கோபுரம் எழும்பும், வளையலில் மயில் நிற்கும். என் மனைவியின் கைக்கு மட்டும் என்று ஒன்று இருந்தது. அது விரலி மஞ்சளில் செய்த தேர். நாமகிரிப்பேட்டைக்குப் போய் நீளம் பார்த்துப் பொறுக்கி வாங்கும் மஞ்சளைத் துளையிட்டு, கம்பியில் கோத்து, சக்கரம் முதல் கலசம் வரை எழுப்புவாள். மண்டபத்தில் ஜனங்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் தேரைப் பார்ப்பார்கள்.

லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நான் ஸ்டோர் பொறுப்பில் இருந்தேன். முதுகெலும்பில் கோளாறு வந்து வேலையை விட்ட பிறகு வீடு அவள் கையில்தான் ஓடியது. கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை தொடங்குவதற்குச் சற்று முன்னால் எங்கள் வீடு. அதன் முன்னறையில்தான் அவள் வேலை செய்தாள். உதவிக்கு எங்கள் தெருவிலிருந்தே இரண்டு பெண்கள் வந்தார்கள். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. அதற்கு அவசியமும் வரவில்லை. எல்லோரும் பார்க்கிற செயலி ஒன்றில் அவளுக்கு ஒரு பக்கம் இருந்தது. அதில் அவள் முகம் தெரியாது. மஞ்சளைக் கோக்கும் கைகளும், "பாருங்க, இப்பச் சக்கரம் ரெடி" என்று சொல்லும் குரலும் மட்டும்தான். அந்தக் கைகளையும் குரலையும் நம்பித்தான் ஈரோட்டிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் ஆர்டர் வந்தது. பொருள் வாங்கிய ரசீதுகளை நான் மாதவாரியாக அடுக்கி வைத்திருந்தேன். வாடிக்கையாளர்கள் மட்டும் எங்கள் வீட்டில் எங்கும் இல்லை. அவர்களுடைய பெயர், ஊர், முகூர்த்த நாள் எல்லாம் அந்தப் பக்கத்தின் செய்திப் பெட்டிக்குள் இருந்தன.

ஆனி மாதக் கடைசியில் டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். முன்பு கல்யாணப் பத்திரிகை அச்சடித்தவர், இப்போது ஒரு மாடியறையில் இணையதளம் செய்து கொடுக்கிறார். அவர் மகளின் தெரட்டிக்கு என் மனைவிதான் தட்டு செய்திருந்தாள். எங்களுக்கென்று ஒரு தளம் வேண்டும் என்று எடுத்துச் சொன்னார்.

"அக்கா, அந்தப் பக்கம் சந்தை மாதிரிங்க. கூட்டம் அங்கதான் வரும், நீங்களும் அங்க கடை போட்டுத்தான் ஆகணும். ஆனா சந்தைய ஏலம் எடுத்தவன் எந்திரின்னா எந்திரிக்கணும். உங்களுக்குன்னு ஒரு கதவு நம்பர் வேணுமில்லீங்களா?"

"கதவு நம்பர் போட்டாக் கூட்டம் வருமுங்களா?" என்று கேட்டாள்.

"வராதுங்க. சந்தையில பாத்தவங்க ஊடு தேடி வர்றதுக்குத்தான் அது."

அவளுக்கு அது பிடித்துப் போயிற்று. ஆர்டர் படிவம் நேராக எங்கள் மின்னஞ்சலுக்கு வரும், பழைய வாடிக்கையாளர் பட்டியல் எங்களிடமே இருக்கும் என்றெல்லாம் அவர் விளக்கினார். எந்தப் படங்களைப் போடுவது என்று பார்த்து முடிப்பதற்குள் ஆடி பிறந்துவிட்டது. நிறுத்தி வைக்கலாம் என்று முதலில் சொன்னவரும் அவர்தான். இணையதளத்துக்குப் பெயரைப் பதிவது புதுக்கடை திறப்பதைப் போன்றது, ஆடியில் வேண்டாம், ஆவணி முதல் முகூர்த்தத்தில் செய்வோம் என்றார். எங்கள் இருவருக்கும் அதில் விசித்திரமாக ஒன்றும் படவில்லை. ஆடியில் நாங்கள் புது ஆளைச் சேர்த்ததில்லை, புதுப் பாத்திரம் வாங்கியதில்லை.

ஆவணிக் கல்யாணத்துக்குத் தட்டு தேடுகிறவர்கள் ஆடியில்தான் தேடுவார்கள். செய்திப் பெட்டி நிரம்பும் மாதம் அது. அப்படி ஒரு மத்தியானம் அவள் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவன் ராசிபுரம் பக்கம் என்றான். எங்கள் பேச்சேதான், கொஞ்சமும் பிசகில்லை. அக்கா மகள் கல்யாணத்துக்குத் தேர் வேண்டுமாம். தேர் வீடியோவைப் பார்த்துவிட்டு அவன் அம்மா அழுதாராம். அதைப் பத்திரிகையோடு சேர்த்து எல்லோருக்கும் அனுப்ப ஆசையாம். "அதுக்கு உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், அதப் படிச்சுச் சொல்லுங்க சாமி" என்றான். பசை காயாத கையோடு அவள் படித்துச் சொன்னாள்.

சாயங்காலம் பக்கத்துக்குள் போக முயன்றபோது கடவுச்சொல் தவறு என்று வந்தது. என் போனில் பார்த்தோம். படங்கள் அப்படியே இருந்தன, வீடியோக்கள் இருந்தன, அவள் குரல் இருந்தது. கீழே இருந்த தொலைபேசி எண் மட்டும் வேறு.

அடுத்த நாள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். மரியாதையாகப் பேசிப் பதிந்துகொண்டு, நாள் பிடிக்கும் என்றார்கள். செயலிக்காரர்களுக்கு எழுதினோம். பக்கம் உங்களுடையது என்பதற்கு அந்தப் பக்கத்தில் பதிந்துள்ள மின்னஞ்சலிலிருந்து எழுதுங்கள் என்று பதில் வந்தது. அந்த மின்னஞ்சலையும் அவன் மாற்றியிருந்தான். அவளுக்கு நினைவிருந்த ஊர்களை வைத்து, சொந்தக்காரர்கள் மூலமாகச் சிலரைக் கண்டுபிடித்தேன். மற்றவர்கள் யாரென்றே எங்களுக்குத் தெரியவில்லை. 'அது நாங்கள் இல்லை' என்று சொல்வதற்கு எங்களுக்கு ஓர் இடம் இல்லை. என் போனில் ஸ்டேட்டஸ் வைத்தேன். அதைப் பார்த்தவர்கள் என் சித்தப்பா பிள்ளைகளும், பழைய பட்டறையில் உடன் வேலை செய்தவர்களும்தான்.

ஃபேர்லேண்ட்ஸ்காரர் பதறிப்போய்க் கூப்பிட்டார். உடனே பெயரைப் பதிந்து, ஒரே ஒரு பக்கமாவது போட்டு, அதில் எச்சரிக்கை எழுதிவிடலாம் என்றார். "களவாணிப் பயலுக்கு ஆடி ஏதுங்க?" என்றார். என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. இவ்வளவு கெட்டதே இந்த மாதத்தில்தான், இன்னொன்றையும் இதிலேயே ஆரம்பித்து அதுவும் கெட வேண்டுமா என்றாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆடி முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. காத்திருந்தோம். அந்த நாட்களில் அவன் எங்கள் பக்கத்தில், எங்கள் பேரில், ஆவணித் தேருக்கு முன்பணம் வாங்கிக்கொண்டிருந்தான்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் வாசலில் ஒரு சரக்கு வண்டி வந்து நின்றது. சின்ன யானை என்று நாங்கள் சொல்லும் வண்டி. சரக்கு இல்லை, தட்டுகள் குலுங்காமல் இருக்கப் பின்னால் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். வெள்ளை வேட்டியில் ஒருவர் இறங்கினார். நாமகிரிப்பேட்டைக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்தது. கூடவே அவர் மனைவி.

"ஏனுங்க, தேர் செய்யற ஊடு இதுங்களா?"

தட்டுகள் நேற்றே வந்துவிடும் என்று சொன்னார்களாம். வரவில்லை. போனும் அணைந்து கிடந்ததாம். பக்கத்தில் போட்டிருந்த ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டு, மலையடிவாரத்துக் கடைகளில், மஞ்சளில் தேர் செய்கிறவர்கள் யார் என்று விசாரித்துக்கொண்டே வந்து சேர்ந்திருக்கிறார். மறுநாள் விடிந்தால் தங்கை மகளுக்குக் கல்யாணம். அவர்தான் ஒரே தாய்மாமன்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் போனை நீட்டினார். அதில் என் மனைவியின் கைகள் மஞ்சள் கோத்துக்கொண்டிருந்தன. கீழே அவர் கேட்ட கேள்விகளும், 'சரிங்ணா, ஆகட்டுங்ணா' என்ற பதில்களும் இருந்தன. என் மனைவி அதை முழுதாகப் படித்தாள்.

"இது நான் எழுதுனதில்லைங்ணா."

"கை உங்க கைதானுங்களே?"

"கை என்னோடதுதானுங்க."

அவர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவர் மனைவிதான் பேசினார். அந்த அம்மாவின் குரலில் கோபம் இல்லை. "நீங்க செஞ்சீங்களோ, எவனோ செஞ்சானோ, அதெல்லாம் நாளைக்கு மண்டபத்துல நிக்கறவங்களுக்குத் தெரியாதுங்க. தேரு வருதுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சுட்டோம். இனி என்னத்தச் சொல்றது?"

தேர் ஒரு நாளில் நடக்கிற வேலையில்லை. மற்றத் தட்டுகளைச் செய்து தருகிறேன் என்று என் மனைவி உட்கார்ந்தாள். உதவிப் பெண்கள் இருவரும் வந்தார்கள். வண்டியைக் கொண்டுபோய் நான் பழமும் பலகாரமும் வாங்கி வந்தேன். அந்த அம்மாவும் தரையில் அமர்ந்து வலைத்துணி வெட்டிக் கொடுத்தார். தாய்மாமன் மட்டும் வேப்பமர நிழலில் நின்றபடி யாருக்கோ போனில் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். பேசுவது சம்பந்தி வீட்டார் என்பது அவர் குனிந்து நின்ற விதத்திலேயே தெரிந்தது. அவர்கள் ஆர்டர் சொன்னது ஐம்பத்தொரு தட்டு. பொழுது சாய்வதற்குள் இருபத்தொன்று ஆயிற்று. அதற்கு மேல் கைகள் ஓடவில்லை.

ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வழக்கம். அவள் தன் தொழிலுக்கு வைத்த பெயர் அதில் இருக்கும். மண்டபத்தில் அதைப் பார்த்துத்தான் அடுத்த வீட்டார் ஆர்டர் கொடுப்பார்கள். பழக்கத்தில் அன்றும் ஒட்டியிருந்தாள். வண்டியில் ஏற்றும்போது தாய்மாமன் அதைப் பார்த்தார்.

"அந்தப் பேர மட்டும் கிழிச்சுருங்க சாமி" என்றார். "சம்மந்தி ஊர்ல ரெண்டு ஊட்டுக்காரங்க இதே பேர்ல ஏமாந்திருக்காங்களாமா. இப்பத்தான் போன்ல சொன்னாங்க. மண்டபத்துல இந்தப் பேரப் பாத்தா என்னையச் சும்மா உடமாட்டாங்க."

அவள் ஒவ்வொன்றாக உரித்தாள். சில தட்டுகளில் பசை காய்ந்திருந்தது, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. நான் உதவப் போனேன். "நீங்க உடுங்க, நானே எடுக்கறேன்" என்றாள். உரித்தவற்றைக் கசக்காமல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள். வண்டி கிளம்பும்போது அந்த அம்மா அவளிடம் போய்வாரேன் என்று சொல்லிக்கொண்டு போனார். அவர் கணவர் முன்சீட்டில் ஏறி, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

மறுநாள் காலை, அதே முகூர்த்தத்தில், ஃபேர்லேண்ட்ஸ்காரர் எங்கள் இணையதளத்தைத் தொடங்கினார். கணினிக்குச் சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு எங்களைக் கூப்பிட்டார். என்ன பெயரில் பதிவது என்று கேட்டபோது அவருக்கும் தயக்கம் இருந்தது. பழைய பெயர் கெட்டுவிட்டது. புதுப் பெயர் என்றால் யாருக்கும் எங்களைத் தெரியாது. என் மனைவி பழைய பெயரையே போடச் சொன்னாள். முதல் பக்கத்தில் எந்தப் படம் வைக்கட்டும், தேரா என்றார். வேண்டாம் என்றாள். தேர்ப்படம் அவனிடமும் இருக்கிறது. வீட்டு வாசலையும், தன் முகத்தையும் எடுத்துப் போடச் சொன்னாள். தன் முகத்தை எங்கும் போட்டுப் பழகாதவள். படத்தில் பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல நிற்கிறாள். அதற்குக் கீழே, எங்கள் பேரில் நடக்கும் அந்தப் பக்கம் எங்களுடையதல்ல என்று நான்கு வரி எழுதிக் கொடுத்தேன்.

ஆவணியில் அந்த இருபத்தொரு தட்டுகளைத் தவிர, சொந்தக்காரர்கள் மூலம் நான் கண்டுபிடித்தவர்களில் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் சீர் போயிற்று. புரட்டாசியில் வழக்கம்போல முகூர்த்தம் இல்லை. ஐப்பசிக்கு ஒன்றும் வராததால் உதவிப் பெண்களை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டோம். அவர்கள் இருவரும் இப்போது ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறார்கள். புதிதாக ஒரு பக்கமும் அந்தச் செயலியில் தொடங்கினோம், சந்தைக்குப் போகாமல் இருக்க முடியாதே. அதிலிருந்து தளத்துக்கு வழி வைத்திருக்கிறோம். திருடப்பட்ட பக்கம் இன்னும் இருக்கிறது. போன வாரம் அவளுடைய பழைய வீடியோ ஒன்றைக் கார்த்திகை முகூர்த்தத்துக்கென்று புதிதாகப் போட்டிருந்தான். 'அழகா இருக்குங்க்கா, விலை சொல்லுங்க' என்று யாரோ கேட்டிருந்தார்கள். அதற்குக் கீழே 'இது நாங்கள் இல்லை' என்று என் போனிலிருந்து எழுதினேன். கொஞ்ச நேரத்தில் அது அழிந்துவிட்டது.

நேற்று இணையதளத்தின் படிவம் வழியாக முதல் செய்தி வந்தது. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர். தை மாதம் தங்கை மகளுக்குக் கல்யாணம், தேர் வேண்டும் என்று எழுதியிருந்தார். கடைசி வரி இப்படி இருந்தது: 'ரெண்டு இடத்துலயும் ஒரே படம் இருக்கு. நீங்கதான் நிஜம்னு எப்படி நம்பறது?'

என் மனைவி அதைப் பலமுறை படித்தாள். என்ன பதில் எழுதட்டும் என்று கேட்டேன். ஆதார் அட்டையை அனுப்பலாமா, காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகலை அனுப்பலாமா என்றும் கேட்டேன்.

"ஊட்டு வெலாசத்தப் போடுங்க. நேர்ல வந்து பாக்கச் சொல்லுங்க. வந்தாக் கண்ணு முன்னால கோத்துக் காட்டறேன்."

அப்படியே எழுதி அனுப்பினேன். இன்று காலை அவள் முன்னறையைக் கூட்டி, மிச்சமிருந்த விரலி மஞ்சளைக் கொட்டி நீளவாரியாகப் பிரித்து வைத்து உட்கார்ந்தாள். பொழுது சாய்ந்துவிட்டது. யாரும் வரவில்லை. மஞ்சளை அவள் இன்னும் எடுத்து வைக்கவில்லை.