கலர் பாப்பா

போன வாரம் நாவலூர் ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு புதுப்படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. குடிசைப் பகுதிப் பெண்ணாக நடிப்பதற்காக அதன் கதாநாயகி தினமும் விடியற்காலையில் உட்கார்ந்து உடம்பு முழுக்கக் கருப்பு பூசிக்கொண்டாராம். என்ன டெடிகேஷன், என்ன துணிச்சல் என்று எல்லோரும் உருகினார்கள். பக்கத்தில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நானும் அதே நிறம்தான். பூச்சு இல்லாமல், யாருக்கும் செலவு வைக்காமல், பிறந்ததிலிருந்து இந்தத் துணிச்சலோடுதான் இருந்து வருகிறேன். ஒருத்தர் பாராட்டியதில்லை. முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது கொட்டாவிதான் வருகிறது. டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்து போய்விட்டேன்.

அந்தப் பூச்சை எப்படிக் கலக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை என் கை மேல் வைத்துத்தான் கலந்தார்கள்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. ஊரப்பாக்கத்தில் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த காலனியில் எங்கள் வீடு. அப்பா வகையில் எல்லோரும் மாநிறத்துக்கு மேலே. அம்மா நல்ல கருப்பு. நான் அம்மாவைக் கொண்டு பிறந்துவிட்டேன். தாம்பரத்திலிருந்து அப்பாவின் அக்கா, என் அத்தை, வரும்போதெல்லாம் என் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்பாள். அந்த 'இருந்தாலும்' கூடவேதான் நான் வளர்ந்தேன். கரண்ட் போன ஒரு சாயங்காலம், "எங்கடி இருக்கே, கொஞ்சம் சிரி, பாப்போம்" என்று அத்தை கேட்டதற்கு வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தால்தானே கண்டுபிடிப்பார்கள்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு இது வேடிக்கை இல்லை, வேலை. காலையில் பயத்தம் மாவு, ஞாயிற்றுக்கிழமை தயிரும் காய்ந்த ஆரஞ்சுத் தோல் பொடியும், ராத்திரி படுக்கும்முன் டியூபிலிருந்து ஒரு க்ரீம். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது மழை இல்லாவிட்டாலும் குடை. சாயங்காலம் வெயில் இறங்கும்வரை வாசலைத் தாண்டக் கூடாது. இத்தனைக்கும் மேலே பவுடர். பவுடர் போட்டால் என் முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். போட்டால் பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள், போடாவிட்டால் அத்தை சிரிப்பாள். அம்மா பள்ளிக்கூடத்துச் சிரிப்பைத் தேர்ந்தெடுத்தாள்.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி. சைதாப்பேட்டையில் வீடு, சினிமா யூனிட் வண்டிக்கு டிரைவர். லைட்டு, குடை, பாத்திரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் இறக்குவது வேலை. ஆனால் அவர் பேச்சைக் கேட்டால் படமே அவர்தான் எடுக்கிறார் என்று தோன்றும்.

"அக்கா, ஒரு மேட்டர் கீது. நம்ம கம்பெனி புதுப்படத்துக்கு ஊரெல்லாம் தேடிக்கினு கீறாங்க. சின்னப் பொண்ணு, நல்ல பளபளன்னு கருப்பா வோணுமாம். நம்ம வூட்லயே வெச்சிக்கினு ஊரெல்லாம் இன்னாத்துக்கு?"

அம்மா அவரை நம்பாமல் பார்த்தாள். கேலி செய்கிறாரோ என்ற சந்தேகம். மாமா என்னை வாசலில் வெயிலில் நிறுத்திப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரமே போன் வந்தது. கம்பெனிக்கு என்னைப் பிடித்துவிட்டதாம். ஒரே ஒரு கண்டிஷன். மாமா போனில் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "புள்ளைய வெயில்ல வுடுக்கா. மாவு கீவு தேய்க்காத, க்ரீம் போடாத. கலர் கொறஞ்சிடுச்சின்னா என்னைப் பேஜார் பண்ணிடுவாங்க."

என் குழந்தைப்பருவத்தில் நன்றாக இருந்த நாட்கள் எவை என்று கேட்டால் அடுத்து வந்த அந்தச் சில நாட்களைத்தான் சொல்வேன். மாவுக் கிண்ணம் அலமாரிக்குப் போனது. குடை ஆணியில் தொங்கியது. மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் காலனி ரோட்டில் சைக்கிள் ஓட்டினேன், பையன்களோடு கிரிக்கெட் ஆடினேன், விற்காத மனைகளில் நட்டிருந்த கற்களைத் தாண்டித் தாண்டி ஓடினேன். அம்மா ஜன்னலில் நின்று, "இன்னும் கொஞ்ச நேரம் விளையாடேன்டி" என்றாள். ஒரு நாள் என் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வெளுத்துட்ட மாதிரி இல்ல?" என்று கவலைப்பட்டாள். என்னை மறுபடி வெளியே துரத்தினாள். ஐயோ, அந்தக் கவலை எனக்கு எவ்வளவு இனித்தது!

காலனி முழுக்கச் செய்தி பரவியது. பரப்பியதும் அம்மாதான். வழக்கமாகத் தானும் குடை பிடித்துக்கொண்டே மார்க்கெட்டுக்குப் போகிறவள் அந்த வாரம் குடையில்லாமல் போனாள். தாம்பரத்துக்கும் போன் போட்டாள். "ஆமா அண்ணி, சினிமாவுக்குத்தான். அவ கலருக்காகவே கூப்பிட்டிருக்காங்க." அந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டாவது தடவையும் சொன்னாள். அத்தைக்குக் காது நன்றாகவே கேட்கும்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் மூஞ்சி பெரிய திரையில் வர வேண்டும், அதை அத்தை உட்கார்ந்து பார்க்க வேண்டும். அம்மாவுக்கும் அதுவேதான் வேண்டியிருந்தது. எங்கள் இருவருக்கும் வாழ்க்கையில் இவ்வளவு ஒற்றுமை அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

படப்பிடிப்பு கூடுவாஞ்சேரிக்கு உள்ளே ஒரு லேஅவுட்டில். மனை விற்கக் கட்டியிருந்த கலர்க் கொடிகளையெல்லாம் கழற்றிவிட்டு, அங்கே வரிசையாகக் குடிசைகள் போட்டிருந்தார்கள். அம்மா தன் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். எனக்குத் தீபாவளி கவுன். மாமா எங்களை மேக்கப் வண்டியின் நிழலுக்குக் கூட்டிப்போய், "இதாண்ணா நம்ம பொண்ணு" என்று மேக்கப்மேனிடம் சொல்லிவிட்டு வண்டியை நிறுத்தப் போனார். மேக்கப்மேன் வயதானவர், எங்கள் நிறமேதான். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடடா, இதான் வேணும்" என்றார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் என் வயதில் ஒரு பெண். பம்பாயிலிருந்து வந்திருந்தாள். அவ்வளவு வெள்ளையான தோலை நான் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. கழுத்தில் பச்சை நரம்பு தெரிந்தது. கிழிந்த பாவாடை சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வழிய வழியப் பின்னியிருந்தார்கள். பாவம், இவ்வளவு நல்ல பெண்ணுக்கு இவ்வளவு மோசமான துணியைக் கொடுத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். கதாநாயகியின் சிநேகிதியாக நடிக்க வந்திருப்பாள் என்றும் நானே முடிவு செய்துகொண்டேன்.

மேக்கப்மேன் ஒரு தட்டில் ஏதேதோ குழைத்து என் முழங்கைக்குக் கீழே ஒரு கோடு இழுத்தார். செங்கல் மாதிரிச் சிவந்திருந்தது. உதட்டைப் பிதுக்கினார். மறுபடி குழைத்து இன்னொரு கோடு. அது சாம்பலாக இருந்தது. மூன்றாவதாக இழுத்தார் பாருங்கள், கோட்டையே காணவில்லை! கைக்குள்ளேயே மறைந்துவிட்டது. "ஆங், புடிச்சிட்டேன்" என்று தொடையில் தட்டிக்கொண்டார். ஏதோ பரீட்சையில் நான் பாஸாகிவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி, காத்திருந்தேன்.

என் முகத்தில் எதுவும் படவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் அந்தத் தட்டோடு பக்கத்து நாற்காலிக்குப் போய்விட்டிருந்தார். பம்பாய்ப் பெண்ணின் நெற்றியில் என் நிறம் ஏறிக்கொண்டிருந்தது. அப்புறம் கன்னம், கழுத்து, கை. நடுநடுவே என் கையை இழுத்து அவள் கையோடு ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு அழுகை முட்டியது. இது போய்விடுமா என்று அவள் அம்மாவிடம் இங்கிலீஷில் கேட்டாள். சாயங்காலமே போய்விடும், கட்டாயம் போய்விடும் என்றாள் அவள் அம்மா. எனக்கு இருந்த கொஞ்சம் இங்கிலீஷிலேயே அது புரிந்தது. எனக்குப் பரிதாபமாகிவிட்டது. இவ்வளவு கஷ்டப்பட்டுப் பூசியது சாயங்காலமே போய்விடுமாமே. எனக்கானால் போகவே போகாது.

அன்று முழுக்க என் வேலை அதுதான். ஷாட் முடிந்து அந்தப் பெண் வியர்த்து வந்து உட்கார்ந்ததும், "கலர் பாப்பாவைக் கூப்புடு" என்று சத்தம் வரும். நான் ஓடுவேன். கையை நீட்டுவேன். ஒட்டிப் பார்த்து, வெளுத்த இடத்தில் பூசிவிட்டு அவளைக் கேமரா முன்னால் அனுப்புவார்கள். எனக்கு ஒரு பாட்டில் ஜூஸ் கொடுப்பார்கள். அடுத்தது நான்தான், அடுத்தது நான்தான் என்று ஒவ்வொரு தடவையும் கவுனை நீவிவிட்டுக்கொண்டேன்.

மத்தியானத்துக்கு மேல் அம்மா எழுந்து மேக்கப்மேனிடம் போனாள். அப்பா வீட்டில் இத்தனை வருஷம் பழகிக்கொண்ட நாசூக்குப் பேச்சு கழன்று, சைதாப்பேட்டை அப்படியே வெளியே வந்தது.

"இன்னா சார் இது? கருப்புப் பொண்ணுதான வோணும்? இதோ உக்காந்துகினு கீது. அப்புறம் இன்னாத்துக்கு அந்தப் புள்ளையப் போட்டு அழ வெச்சிக்கினு கீறீங்க?"

அவருக்குப் பதில் சொல்ல விருப்பம் இல்லை. தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இந்தப் பாப்பா ஹீரோயினோட சின்ன வயசும்மா. ஹீரோயினம்மா பம்பாய். அவங்க செவப்பு, அதனால சின்ன வயசும் செவப்பா இருந்தாத்தான் ஜாடை ஒத்துவரும். கதையில ரெண்டு பேரும் கருப்பு. அதுக்குத்தான் பூசறது. உங்க பொண்ணைக் கலருக்குத்தாம்மா கூப்பிட்டாங்க. உங்ககிட்ட சொல்லலியா?"

"அப்போ எங்க கலர் வோணும். நாங்க வோணாம். அதான?"

"நானும் இந்தக் கலர்தாம்மா. வந்த புதுசுல நடிக்கத்தான் வந்தேன்" என்றார் அவர்.

மாமாவுக்கும் விஷயம் தெரியாது என்று இன்றுவரை நம்புகிறேன். கருப்புப் பெண் வேண்டும் என்றதும் குதித்துக்கொண்டு வந்துவிட்டார், எதற்கு என்று கேட்கவில்லை. யாரையோ போய்ப் பார்த்துவிட்டுத் தொங்கிய முகத்தோடு வந்தார். கையில் மூன்று பிரியாணிப் பொட்டலம். "நான் இன்னாக்கா பண்றது, எம் பொழப்பு இதுலதான கீது" என்றார். அம்மா பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். அதுதான் எனக்கு ஆச்சரியம். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். சாயங்காலம் லைட்டைக் கழற்றும்வரை நாங்கள் அங்கேதான் இருந்தோம். கூப்பிட்டபோதெல்லாம் நான் போய்க் கையை நீட்டினேன்.

ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன். மூன்று கோடுகளும் அழிந்துவிடாதபடி கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன். சினிமா பெயிண்ட் ஆயிற்றே, பள்ளிக்கூடத்தில் காட்ட வேண்டாமா? "நாளைக்குத்தான் என்னை எடுப்பாங்களாம்மா?" என்று கேட்டேன். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். காலனி முனையில் எதிர்வீட்டு அக்கா, "என்ன, ஹீரோயின் வந்தாச்சா?" என்று கேட்டாள். "ம், வந்தாச்சு" என்று அம்மா சிரித்தாள். வீட்டுக்குள் போய்ப் பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் என்னைக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்ததும் சிவப்புக் கோடு போய்விட்டது. சாம்பல் கோடும் போய்விட்டது. மூன்றாவது கோடு எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. சோப்பைப் போட்டு நாரால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தேய்த்தாள். நுரை வெள்ளையாகத்தான் வந்தது. மறுபடி தண்ணீர் ஊற்றி மறுபடி தேய்த்தாள். பட்டுப்புடவை பாதி நனைந்துவிட்டது. அவள் நிறுத்துவதாக இல்லை. எனக்குக் கை எரிந்தது.

"வலிக்குதும்மா. பெயிண்ட் எல்லாம் எப்பவோ போயிடுச்சு. இது நான்தாம்மா."

அம்மாவின் கை நின்றது. நார் கீழே விழுந்தது. ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்து, சோப்பு நுரை வழிகிற இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் கையை உதறியதில் சோப்பு அவள் கண்ணில் பட்டுவிட்டது, வேறென்ன? எனக்கும் எத்தனையோ தடவை பட்டிருக்கிறது, அந்த எரிச்சல் எனக்குத் தெரியும். பக்கெட்டிலிருந்து ஒரு மக் தண்ணீர் மொண்டு நீட்டினேன்.

"கண்ணைக் கழுவிக்கோம்மா, சரியாப் போயிடும்" என்றேன்.

சோப்புப் பட்டவள் மாதிரியே வாங்கிக் கழுவிக்கொண்டாள்.