நஸீப் நாநா தேடிக்கொடுத்த மைதானம்

கம்பளையில் ஆற்றோரத்துப் பழைய மைதானத்தை ஒட்டித்தான் நஸீபின் வீடு. இளமையில் ஊர்க் கால்பந்துக் கழகத்துக்காக விளையாடியவர், முழங்கால் போன பிறகு அதன் செயலாளரானார். மனைவி நோயில் மௌத்தாகி, மகள் சப்னாவும் கட்டாருக்குக் குடிபோன பின், மாலையில் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜன்னலுக்கு வெளியே கேட்கும் பந்துச் சத்தம்தான் அவருக்குத் துணை. விளையாட வருகிறவர்கள் தண்ணீர் கேட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

கழகம் மேல் பிரிவுக்கு ஏறியதும் சிக்கல் வந்தது. பார்வையாளர் அரங்கு இல்லாத இடத்தில் அந்தப் பிரிவின் போட்டிகளை நடத்த முடியாது. அரங்கு கட்டுவதென்றால் ஓரத்து வீடுகள் இரண்டும் போக வேண்டும். ஒன்று நஸீபுடையது, மற்றது மஸாஹிராவுடையது. தன் வீட்டைத் தருவதாக நஸீப் உடனே சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டில் கேட்கவும் அவரே போனார்.

மஸாஹிரா, பாரிசவாதத்தில் கிடந்த கணவனைக் காட்டினாள்.

"நீங்க மகள்ட்ட போவீங்க நாநா. இவரத் தூக்கிக்கிட்டு நான் எங்க போற?"

அன்றைய கழகக் கூட்டத்தில் நஸீப் எழுந்து நின்றார்.

"அந்த வீட்டுல கை வெக்க ஏலா. வேற எடம் பாப்போம்."

இடம் பார்க்கும் வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது. காணி அலுவலகம் முதலாகக் கந்தோர் கந்தோராக அலைந்து, தெல்தோட்டைப் பக்கம் தேயிலை பிடுங்கப்பட்டுக் கிடந்த அரசாங்கக் காணியொன்றைப் பெற்றுக்கொடுத்தார். அரங்கோடு எழும்பிய புது மைதானத்தின் திறப்பு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்திப் படமெடுத்தார்கள்.

"மெச் பாக்க வருவீங்கதானே நாநா?" என்று அணித்தலைவன் ஹபீல் கேட்டான்.

"வராம?"

முதலில் போனார். பஸ் மாறிப் போய், மேட்டில் ஏற வேண்டும். ஒருநாள் பாதி வழியில் முழங்கால் மடங்கி, கல்லொன்றில் உட்கார்ந்துவிட்டார். மேலே கோல் விழுந்த ஆரவாரம் கேட்டது. யார் அடித்தார்கள் என்று சொல்ல ஆளில்லை. அப்படியே இறங்கி வந்தவர் பிறகு போகவில்லை.

பழைய மைதானத்தில் இப்போது லொறிகள் நிற்கின்றன. போட்டிகளுக்கு அவர் வராததை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது.

ஒரு பின்னேரம் வேலிக்கு அப்பாலிருந்து மஸாஹிரா சொன்னாள்.

"இப்ப பந்துச் சத்தமில்லாம நல்லா ஈக்குது நாநா. இவரும் நிம்மதியாத் தூங்குறாரு."

"அல்ஹம்துலில்லாஹ். நல்லது" என்றார் நஸீப்.

உள்ளே வந்து கதிரையில் சாய்ந்து போனை எடுத்தார். கழகத்தின் போட்டி நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டப்போனவர், பக்கத்து வீட்டை நினைத்து, முழுவதுமாகக் குறைத்துவிட்டுப் பார்த்தார்.