கட்டில் கம்பியைத் தட்டி வாங்கிய கேடயம்

தெல்தோட்டையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து அறையில் பிறந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் கண்டி டவுனில் கடை போட்டேன். கட்டுகஸ்தோட்டையில், இந்தச் சரிவில் வீடு நிற்காது என்று எஞ்சினியர் கைவிரித்த இடத்தில், கருங்கல் மதில் எழுப்பி மூன்று மாடி கட்டினேன். பெருமழையில் அக்கம்பக்கத்து மதில்கள் சரிந்தன. என் மதில் நின்றது. கோயில் மடப்பள்ளிக்குக் கூரை போட்டதும் நான்தான். கல்லில் என் பெயர் வெட்டியிருக்கிறது, போய்ப் பார்க்கலாம். இவ்வளவுக்கும் மேலே, எழுபதைத் தாண்டிய வயதில், பேய்ப் படத்தில் சிறந்த கதாநாயகன் என்று கேடயமும் வாங்கினேன். அந்தக் கேடயத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் டீச்சருக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் படம் எடுப்பதில் பைத்தியம். டவுனில் ஒரு கலை வட்டம் பேய்ப் படங்களுக்கென்றே குறும்படப் போட்டி வைத்தது. படுக்கையில் கிடந்து செத்துப்போன கிழவர், அந்த அறைக்குக் குடிவந்தவர்களை இருக்க விடமாட்டேன் என்கிறார். அதுதான் இவர்களுடைய கதை. கிழவர் வேஷத்துக்கு என்னைக் கேட்டார்கள். வசனத்தை வாசித்து மனப்பாடம் பண்ண எனக்கு வராது என்றேன். பேசவே வேண்டாம், கட்டிலில் கிடந்து பயம் காட்டினால் போதும் என்றார் டீச்சர்.

நான் யோசிக்கவே இல்லை. முகத்தின் இடது பக்கத்தைத் தொங்கவிட்டேன். மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். விரலில் கிடந்த மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டினேன். இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி இன்னொரு தட்டு. கேமரா பிடித்தவரே ஓரடி பின்னால் போனார்.

பரிசளிப்புக்கு மதினியையும் கூட்டிப் போனேன். மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் போன பிறகும் எங்களோடுதான் கீழ் அறையில் இருக்கிறார். நான் கேடயம் வாங்குவதை வீட்டு ஆள் ஒருவர் பார்க்க வேண்டாமா? மண்டபம் நிறைந்த கூட்டம். பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவர்கள் என்னோடு போட்டிக்கு நின்றார்கள். திரையில் என் தட்டல் கேட்டதும் சனம் அலறியது. அலறிவிட்டு, வெட்கப்பட்டுச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே மதினி கதிரையை விட்டு எழுந்தார்.

பயந்துவிட்டார் என்று நினைத்து உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். பிறகுதான் அவர் கையைப் பார்த்தேன். அது பக்கத்தில் எதையோ துழாவியது. தண்ணீர்க் கூஜாவைத் தேடியிருக்கிறார்.

அண்ணன் பாரிசவாதத்தில் விழுந்து பேச்சு நின்ற பிறகு, தண்ணீர் கேட்டது அந்தத் தட்டலால்தான். அடுப்படியில் இருந்தாலும் குழாயடியில் இருந்தாலும் மதினி ஓடி வருவார். பக்கத்து அறையில் நானும் இருந்திருக்கிறேன். மதினி போவார்தானே என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு அது அவ்வளவு சுத்தமாக வந்தது.

மதினி மெதுவாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மேடையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். இந்த நடிப்பை எங்கே கற்றீர்கள் என்று நடுவர் மைக்கை நீட்டினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய்ப் பழக்கம் விடவில்லை.

"யாரும் சொல்லித் தரல. எல்லாம் நம்ம சொந்தச் சரக்கு."

மண்டபமே கைதட்டியது. மதினியும் தட்டினார்.

கேடயத்தைக் கண்ணாடி அலுமாரியில் வைத்தேன். மதினி வழக்கம்போலத் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே பேச்சை எடுத்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"தெரியும் தம்பி. அச்சு அசலா அவரு மாதிரியேதான் செஞ்சீங்க. கோவமெல்லாம் இல்ல. முந்தியெல்லாம் சும்மா இருக்கையில அந்தச் சத்தம் காதுல கேக்கும். அவரு கூடவே இருக்க மாதிரி இருக்கும். இப்ப அது கேட்டா, பின்னாலயே அந்தச் சனம் சிரிக்குது."

மதில் சரிந்தால் நிமிர்த்தத் தெரியும் எனக்கு. இதை எங்கே பிடித்து நிமிர்த்துவது?

டீச்சரிடம் போய், படத்தின் தொடக்கத்தில் அண்ணன் நினைவாக என்று போடச் சொன்னேன். அவர் உடனே சரி என்றார். ஏதோ பெரிய காரியம் முடித்தவன்போல அடுப்படிக்குப் போய் மதினியிடம் சொன்னேன். நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

"அவரு பேர அதுல போடாதீங்க. அவரு யாருக்கும் பயம் காட்டல. தண்ணிதானே கேட்டாரு."

"அப்ப யாரு பேரத்தான் போட, மதினி?"

"நீங்கதான் சொல்லிட்டீங்களே தம்பி, சொந்தச் சரக்குன்னு."

சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்து நறுக்கத் தொடங்கினார்.

அந்தப் படம் இப்போது வேறு போட்டிகளுக்கும் போகிறது என்கிறார்கள். ஆகவே டீச்சருக்கும் கூட்டாளிகளுக்கும் நான் சொல்வது இதுதான். அண்ணன் பெயரை எடுத்துவிடுங்கள். படம் முடியும் இடத்தில், இந்தத் தட்டல் ஒரு நோயாளி தண்ணீர் கேட்டது என்று எழுதுங்கள். அதைப் பேயாக்கியவன் இவன் என்று கீழே என் பெயரைப் போடுங்கள். முழுப் பெயர், தகப்பன் பெயரோடு, கோயில் கல்லில் இருப்பதைவிடப் பெரிய எழுத்தில். கட்டியதற்கெல்லாம் கேட்டுக் கேட்டுப் பெயர் வாங்கியவன் நான். இதில் மட்டும் என் பங்கை விட்டுவிட்டால் சும்மா இருக்கமாட்டேன்.